தொகுதி எல்லையில் எங்கள் அண்ணி

எங்கள் பேக்கரிக்கு மேலே உள்ள மாடிக்குச் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகம் வந்தபோது அண்ணனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. மாடியை வாடகைக்கு எடுத்தவர் ஒரு பல் டாக்டர். தேர்தலில் ஜெயித்த பிறகும் அவரைப் பழைய தொழில் விடவில்லை. மனு கொடுக்க வருகிறவர்களை எதிரே உட்கார வைத்து, "என்ன பிரச்சினை, சொல்லுங்க" என்பார். அவர்கள் வாயைத் திறந்ததும் பிரச்சினையை விட்டுவிட்டுப் பல்லைப் பார்ப்பார்.

"குழாயில தண்ணி வரலை, சரி. அதைப் பார்த்துக்கலாம். அந்தக் கடைவாய்ப் பல்லை எப்ப காட்டப் போறீங்க?"

அந்த அலுவலகத்தில் டைப் அடிக்க வந்தவள்தான் எங்கள் அண்ணி. அப்போது அவள் எனக்கு அண்ணி இல்லை. மாடிக்கு வந்த புதுப்பெண், அவ்வளவுதான். கையில் ஒரு குடை, தோளில் ஒரு பை, எதிரே யார் வந்தாலும் வழிவிடாத நடை.

மனுக்காரர்கள் மாடிப்படியெல்லாம் உட்கார்ந்து, படி நிரம்பினால் எங்கள் கடை வாசலில் நிற்பார்கள். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. கையில் ஒட்டிய மாவோடு மேலே ஏறிப்போனான்.

"உங்க ஆளுங்க என் கடை வாசலை அடைச்சுக்கிட்டு நிக்கறாங்க."

டைப் அடிப்பதை நிறுத்தாமல் அவள் சொன்னாள்: "அவங்க எங்க ஆளுங்க இல்லை, உங்க ஆளுங்க. எல்லார் கையிலயும் பன் இருக்கு பாருங்க."

அண்ணன் கீழே வந்து எட்டிப் பார்த்தான். உண்மைதான். காத்திருக்கிற நேரத்தில் எல்லோரும் எங்கள் கடையில்தான் வாங்கித் தின்றுகொண்டிருந்தார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் மறுநாளும் சண்டை போடப் போனான், அதற்கடுத்த நாளும் போனான். சண்டைக்குப் போகிறவன் எதற்குத் தலை சீவிக்கொண்டு போகிறான் என்று அம்மா ஒருநாள் கேட்டாள். அந்த வருஷமே கல்யாணம் முடிந்தது. பல் டாக்டர்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். மணமக்கள் சிரித்தபோது இரண்டு பேர் பல்லையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நல்ல பொருத்தம்" என்றார்.

அடுத்த தேர்தலில் டாக்டர் தோற்றார். ஜெயித்தவர் எதிர்க்கட்சிக்காரர், பஸ் கண்டக்டராக இருந்து சங்கத் தலைவர் ஆனவர். புது ஆள் வந்தால் தன் ஆளைக் கூட்டிக்கொண்டுதான் வருவார் என்று அண்ணி தன் டம்ளர், குடை, மேஜைமேல் வைத்திருந்த சின்னச் செடி எல்லாவற்றையும் பையில் எடுத்து வைத்துவிட்டாள். கண்டக்டர் படியேறி வந்தவர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"நீங்க வேற கட்சியாச்சே. உங்க ஆளு யாராவது..."

"என் ஆளுங்க எல்லாம் கோஷம் போடறவங்கம்மா. தொண்டை இருக்கு, டைப் அடிக்க விரல் இல்லை. செடியை எடுத்து வெளியே வைங்க, பைக்குள்ள செத்துடும்."

இப்படித்தான் கட்சி மாறினாலும் ஆள் மாறாத வேலையில் எங்கள் அண்ணி நிலைத்தாள். சம்பளம் கொடுப்பது சட்டமன்றம், கட்சி இல்லை. யார் ஜெயித்து வந்தாலும் முதல் நாள் அவள் சொல்வது ஒன்றுதான்: "எனக்கு உங்க கொள்கை வேணாம், உங்க கையெழுத்து போதும்."

கண்டக்டர் நல்ல மனுஷன். கூட்டம் சேர்ந்தால் மட்டும் பழக்கதோஷத்தில், "முன்னால போங்க, முன்னால போங்க, உள்ளே இடம் இருக்கு" என்று கத்துவார். முன்னால் போனால் சுவர்தான் இருக்கும்.

அந்தச் சுவரில் படம் மாட்டும் யோசனை அவர் காலத்தில்தான் அண்ணிக்கு வந்தது. மனு கொடுக்க வந்த யாரோ, "உங்களுக்கு முன்னால பல் டாக்டர். அவருக்கு முன்னால யாரு?" என்று கேட்டிருக்கிறார்கள். கண்டக்டருக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. அது அவளை அரித்துக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் இழுத்துக்கொண்டு பழைய உறுப்பினர்களின் வீடு வீடாகப் போனாள். சிலர் வீட்டில் அவர்களே இருந்தார்கள், சிலர் வீட்டில் மகள்கள், பேரன்கள். எங்கே போனாலும் உட்கார வைத்துப் பேசினார்கள். எங்களுக்குப் படமும் கிடைத்தது, கதையும் கிடைத்தது.

முதல் படத்தில் இரண்டு பேர். அந்தக் காலத்தில் எங்கள் தொகுதி ஆற்றில் தொடங்கிக் கல்குவாரிவரை நீளமாகக் கிடந்ததாம். ஊருக்கு ஓர் உறுப்பினர், குவாரிப் பக்கத்துக்கு ஓர் உறுப்பினர், ஒரே தொகுதிக்கு இருவர். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அதனால் படத்தில் ஒருவர் ஜன்னலைப் பார்க்கிறார், ஒருவர் கதவைப் பார்க்கிறார். பிறகு குவாரிப் பக்கத்தைத் தனியாக வெட்டி விட்டார்கள், ஊருக்கு ஒருவர் என்று ஆயிற்று. அதற்கப்புறம் வந்த ஒருவர் மீசையோடு ஒரு கட்சியில் ஜெயித்து, மீசையை எடுத்துவிட்டு இன்னொரு கட்சியில் ஜெயித்தவர். அவருக்கு இரண்டு படம். இன்னொருவர் ஜெயித்துப் பதவி ஏற்கத் தலைநகருக்குப் போகும் வழியிலேயே சபையைக் கலைத்துவிட்டார்கள். செய்தி கேட்டுப் பாதி வழியில் பஸ்ஸைவிட்டு இறங்கிவிட்டார். அவர் வீட்டில் கிடைத்த ஒரே படத்தில், பெட்டியும் கையுமாகப் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறார்.

கண்டக்டருக்கு அந்தப் படம் உயிர். வருகிறவர்களிடமெல்லாம் காட்டி, "பாதியில எறங்கினாரே, மீதி டிக்கெட்டுக்கு யாராவது பதில் சொன்னாங்களா?" என்று ஆதங்கப்படுவார்.

கண்டக்டருக்குப் பிறகு வக்கீலம்மா வந்தார். எங்கள் தொகுதியின் முதல் பெண் உறுப்பினர். பேச்சு கறார், நடை வேகம், வெற்றிலை பாக்கு மாதிரி எப்போதும் வாயில் ஒரு சட்டப்பிரிவு இருக்கும். அவருக்கும் அண்ணிக்கும் முதல் மாதம் ஒத்துப்போகவில்லை. இரண்டாவது மாதத்திலிருந்து பிரிக்க முடியவில்லை.

ஊரைப் பிரித்தது எல்லை ஆணையம். ஊர் பெருத்துவிட்டது, மாகாணத் தொகுதிகளையெல்லாம் புதிதாக வரைய வேண்டும் என்று ஆணையம் போட்டார்கள். ஒருநாள் காலை பேப்பரில் வரைபடம் வந்தது. எங்கள் ஊரை இரண்டாக்கி, கோட்டைச் சரியாகப் பெரிய சாலையின் நடுவில் இழுத்திருந்தார்கள். பேக்கரி இருக்கிற பக்கம் மேற்குத் தொகுதி. எதிர்ப்பக்கம் கிழக்குத் தொகுதி. வக்கீலம்மா வீடு எதிர்ப்பக்கம். அடுத்த தேர்தலில் அங்கே நின்று ஜெயித்தார். உறுப்பினர் அலுவலகம் அவரவர் தொகுதிக்குள்தான் இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே அலுவலகம் சாலையைக் கடந்தாக வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடந்தது. அண்ணன் மேஜையின் ஒரு முனை, அடுத்த தெருத் தையல்காரர் மறுமுனை, நான் நாற்காலி, வக்கீலம்மா சட்டப் புத்தகங்கள், எல்லாருக்கும் முன்னால் செடியோடு அண்ணி. லாரிகளெல்லாம் நின்று வழிவிட்டன. எதிரே இருந்த மருந்துக்கடை மாடியில் குடியேறினோம்.

காலியான எங்கள் மாடிக்கு மேற்குத் தொகுதியின் புது உறுப்பினர் வந்தார். லாரி முதலாளி. பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு, வக்கீலம்மாவின் ஜென்ம விரோதி. வாடகை வருகிற சந்தோஷத்தில் அண்ணன் இருந்தான். "எதிரிக்கு வீட்டைக் கொடுத்திட்டு நிம்மதியா தூக்கம் வருதா?" என்று அண்ணி கேட்டாள்.

"எனக்கு என்ன எதிரி? ரெண்டு கட்சிக்காரனும் ரஸ்க் திங்கறான்."

வந்த கையோடு ஒரு தகராறு. சுவரில் இருந்த படங்கள் யாருக்கு? இந்தக் கட்டிடத்தில் இருந்தவை, ஆகவே மேற்குக்கு என்றார் லாரிக்காரர். சேர்த்தவள் என் அலுவலகத்தில் இருக்கிறாள், ஆகவே கிழக்குக்கு என்றார் வக்கீலம்மா. வாரிசுரிமைச் சட்டம்வரை பேச்சு போயிற்று. அண்ணி படங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வந்து பேக்கரிக்குள் ரொட்டி அலமாரிக்கு மேலே வரிசையாக மாட்டிவிட்டாள். "இவங்க எல்லாரும் ரெண்டு பக்கத்துக்கும் உறுப்பினரா இருந்தவங்க. ரெண்டு பக்கமும் வந்து போற இடம் இது ஒண்ணுதான்." மாவு பறந்து படிந்ததில் கொஞ்ச நாளிலேயே அத்தனை உறுப்பினர்களுக்கும் தலை நரைத்துவிட்டது.

இன்னொரு வேடிக்கையும் இருந்தது. எங்கள் வீடு பேக்கரிக்குப் பின்கட்டு. அதனால் அண்ணியின் ஓட்டு மேற்கில். வேலை பார்ப்பது கிழக்கு உறுப்பினரிடம். வக்கீலம்மாவின் கட்சிச் செயலாளர் ஒருவர் இதைக் கண்டுபிடித்துவிட்டு மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"மேடம், இவங்க ஓட்டு அந்தப் பக்கம். இவங்க வீட்டு மாடியில அந்தாளு ஆபீஸ். நம்ம ரகசியம் எல்லாம் பன்னோட சேர்ந்து அங்கே போயிடும்."

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றினார். "நம்மகிட்ட என்னய்யா ரகசியம் இருக்கு? சாக்கடை அடைச்சுக் கிடக்கறது மூக்கு இருக்கற எல்லாருக்கும் தெரியும். போய் அதைப் பாரு."

அண்ணி அன்று வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடித்தபின் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் நான் பார்த்தேன். வேலையில் அவளை யாரும் சந்தேகப்பட்டது அதுவே முதல் தடவை.

இப்போது சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லை நடுவில் போனதிலிருந்து அந்தச் சாலைக்கு அப்பா அம்மா இல்லாமல் போயிற்று. வண்டிகள் பெருகிவிட்டன. நடந்து கடப்பதற்கு ஒரு வழி வேண்டும் என்று இரண்டு பக்கத்து ஜனங்களும் கேட்டார்கள். உறுப்பினர் நிதியைத் தொகுதிக்கு வெளியே செலவு செய்ய முடியாது. லாரிக்காரர் தன் பாதியில் பளிச்சென்று வெள்ளைக் கோடு அடித்துவிட்டார். கோடு நடுத்திட்டுவரை வந்து நின்றுவிட்டது. வக்கீலம்மாவோ, வெறும் கோடு ஏமாற்று வேலை, சிக்னல் விளக்குதான் வேண்டும் என்று எழுதினார். சிக்னல் என்றால் இரண்டு பக்கமும் சம்மதிக்க வேண்டும். லாரிக்காரர் சம்மதிக்கவில்லை, விளக்கு வந்தால் பெயர் வக்கீலம்மாவுக்குப் போய்விடுமே.

ஆகவே எங்கள் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்கள் ராஜா மாதிரி நடுத்திட்டுவரை நடந்து போய், அங்கே திருடன் மாதிரி முழித்துக்கொண்டு நிற்பார்கள். அண்ணிக்கு மத்தியானச் சாப்பாடு எடுத்துப் போகும் அண்ணன் தினமும் அப்படி நிற்பதை இரண்டு பக்கத்துக் கடைக்காரர்களும் பார்த்து ரசிப்பார்கள்.

ஒருநாள் காலையில் அங்கே மாட்டிக்கொண்டவர் பல் டாக்டர். வயதாகிவிட்டது, கையில் தடி. எங்களிடம் ரஸ்க் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புகிறார். நடுத்திட்டுவரை போய்விட்டார். அதற்குமேல் வண்டிகள் விடவில்லை. திரும்பி வரலாம் என்றால் முட்டி மடங்கவில்லை. கடையிலிருந்து நான் பார்க்கிறேன், எதிர் மாடி ஜன்னலிலிருந்து அண்ணி பார்க்கிறாள். அடுத்த நிமிஷம் அவள் ஒரு நாற்காலியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு சாலையில் இறங்கிவிட்டாள். நாற்காலியைப் பார்த்தாவது வண்டிகள் நின்றன.

"உட்காருங்க டாக்டர். மூச்சு வாங்கிட்டு மெதுவா போகலாம்."

டாக்டர் உட்கார்ந்தார். ரஸ்க் பொட்டலத்தைப் பிரித்தார். இரண்டு கடி கடித்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு குறும்பு வந்ததை நான் கடையிலிருந்தே கண்டேன்.

"கிளம்பலாமா?" என்றாள் அண்ணி.

"எதுக்கு? நான் ரெண்டு பக்கத்துக்கும் உறுப்பினரா இருந்தவன். எனக்கு இதான் தலைமையகம். அந்த ரெண்டு பேரையும் இங்கே வரச் சொல்லு. அப்புறம் எழுந்திருக்கறேன்."

"டாக்டர், விளையாடாதீங்க. வெயில் ஏறுது."

"அப்ப உன் குடையைக் கொடு."

அண்ணி குடையைக் கொடுத்தாள். அவள் நினைத்திருந்தால் கெஞ்சிக் கூத்தாடி அவரைக் கிளப்பியிருக்கலாம். "எனக்கும் அவர் செய்யறது பிடிச்சுப் போச்சு, என்ன பண்றது?" என்று பிறகு எங்களிடம் சொன்னாள். போக்குவரத்துப் போலீஸ்காரர் வந்தார். நாற்காலியின் முன்கால் இரண்டும் ஒரு ஸ்டேஷன் எல்லையில், பின்கால் இரண்டும் வேறொரு ஸ்டேஷன் எல்லையில் இருப்பதைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். பிறகு தனக்கும் ஒரு ரஸ்க் வாங்கிக்கொண்டார்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. லாரிக்காரர் எங்கள் மாடியிலிருந்து இறங்கி, தான் போட்ட வெள்ளைக் கோட்டில் கம்பீரமாக நடந்து போய்ச் சேர்ந்தார். "பார்த்தீங்களா, எவ்வளவு சுலபமா வந்தேன்!" எதிர்ப்பக்கம் வக்கீலம்மா கால் வைப்பதும் எடுப்பதுமாக நின்றார். ஒரு பஸ் போனது, ஒரு லாரி போனது. அந்த லாரியின் பின்னால் லாரிக்காரரின் பெயரே எழுதியிருந்தது. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசியில் அண்ணி போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். வக்கீலம்மா வந்ததும் வராததுமாக ஆரம்பித்தார்.

"பாதிப் பாலம் கட்டிட்டு ஆத்துல தள்ளிவிடற மாதிரி இருக்கு உங்க கோடு!"

"நீங்க உங்க பாதியை அடிச்சிருந்தா முழுசா ஆகியிருக்குமே!"

"கோட்டைப் பார்த்து உங்க லாரி நிக்குதா?"

டாக்டர் தடியால் தரையில் தட்டினார். "ரெண்டு பேரும் வாயை மூடுங்க." சொல்லிவிட்டு, பழக்கம் விடாமல் லாரிக்காரரை உற்றுப் பார்த்தார். "உனக்கு ஈறு வீங்கியிருக்கு. நாளைக்கு வா." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் தோத்ததுக்கு அப்புறமும் இந்த ரெண்டு பக்கத்து ஜனமும் என்னைப் பார்த்தா வணக்கம் சொல்றாங்க. நான் பெருசா ஒண்ணும் கிழிக்கலை. கூப்பிட்டா வந்தேன், அவ்வளவுதான். நீங்க ரெண்டு பேரும் இன்னிக்கு வந்துட்டீங்க. வந்ததோட ஒரு கையெழுத்தையும் போட்டுட்டுப் போங்க."

இரண்டு பேரும் அண்ணியைப் பார்த்தார்கள். அண்ணி பேனாவை நீட்டினாள். காகிதம் இல்லை. அண்ணன் கடையிலிருந்து ரொட்டி சுற்றும் தாளைக் கிழித்துக்கொண்டு ஓடினான். நடுச்சாலையில், போலீஸ்காரர் முதுகைக் குனிந்து கொடுக்க, அதன்மேல் வைத்து இரண்டு உறுப்பினர்களும் சிக்னலுக்குச் சம்மதம் எழுதினார்கள். அரசாங்கம் ரொட்டித் தாளை ஏற்காது என்பதால் அண்ணி மத்தியானமே அதை முறையாக டைப் அடித்து இரண்டு பேரிடமும் மறுபடி கையெழுத்து வாங்கினாள். லாரிக்காரருக்காக எங்கள் மாடிக்கு அவளே ஏறிப் போனாள். அவர் எழுந்து நின்று கையெழுத்துப் போட்டார்.

சிக்னல் வந்தது. யார் திறப்பது என்று பிறகு ஒரு மாதம் சண்டை நடந்ததைச் சொன்னால் நேரமாகும். பக்கத்துக்கு ஒரு பொத்தான் வைத்து, இருவரும் ஒரே சமயத்தில் அமுக்குவது என்று முடிவாயிற்று. அமுக்கினார்கள். விளக்கு எரியவில்லை. மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து ஏதோ ஒரு ஒயரை மாட்டியதும் தானாக எரிந்தது. கைதட்ட அங்கே யாரும் இல்லை.

அதன்பின் சில வருஷம் கழித்து எல்லை ஆணையம் மறுபடி வந்தது. இந்தத் தடவை ஜனங்களிடம் கருத்துக் கேட்டார்கள். கேட்ட கூட்டத்தில் அண்ணியும் பேசினாள். பேசவேண்டியதை எழுதி எடுத்துப் போனவள், மேடையைப் பார்த்ததும் பயந்து, "கோட்டை எங்கே வேணும்னாலும் போடுங்க, ஆனா நடுரோட்டுல மட்டும் போடாதீங்க" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அவள் பேச்சைக் கேட்டோ, வேறு காரணமோ, ஊர் மறுபடி ஒரே தொகுதி ஆயிற்று. புறநகர்ப் பக்கத்தை அடுத்த தொகுதிக்கு வெட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

ஒரே தொகுதி என்றால் ஒரே உறுப்பினர். வக்கீலம்மாவும் லாரிக்காரரும் நேருக்கு நேர் மோதினார்கள். இரண்டு பேருமே அண்ணியிடம் தனித்தனியாக வந்து, "எனக்குத்தானே?" என்று கேட்டார்கள். அவள் தேர்தல் முடியும்வரை லீவு போட்டுவிட்டுப் பேக்கரிக் கல்லாவில் வந்து உட்கார்ந்துகொண்டாள். கேட்டவர்களுக்கெல்லாம் பன் கொடுத்தாள், பதில் கொடுக்கவில்லை.

முடிவு வந்தது. இரண்டு பேருமே தோற்றார்கள். சுயேச்சையாக நின்ற ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் ஜெயித்துவிட்டார். பாதி ஊருக்கு ஊசி போட்டவர், மீதி ஊருக்குப் பிரசவம் பார்த்தவர்.

அன்று சாயங்காலம் வக்கீலம்மா ஒரு பக்கமிருந்தும் லாரிக்காரர் மறுபக்கமிருந்தும் பேக்கரிக்கு வந்து, ஒரே பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்தார்கள். அண்ணி இரண்டு டீ கொண்டுவந்து வைத்தாள்.

"உங்ககிட்ட தோத்திருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும் மேடம்" என்றார் லாரிக்காரர்.

"பொய் சொல்லாதீங்க."

"ஆமா, பொய்தான்" என்று அவர் ஒத்துக்கொண்டார். வக்கீலம்மா சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அப்போது நர்ஸே கடைக்குள் வந்துவிட்டார், கழுத்தில் மாலையோடு. நேராக அண்ணியிடம் போனார். "நீங்கதான் ஆபீஸ் பார்த்துக்கறவங்களாமே. ஆபீஸை எங்கே வைக்கலாம்?"

"இங்கே மாடியிலேயே" என்றார் லாரிக்காரர்.

"எதிர் மாடிதான் காத்தோட்டம்" என்றார் வக்கீலம்மா.

"ரெண்டு பேரும் தோத்துட்டீங்க, டீயைக் குடிங்க" என்றாள் அண்ணி.

நர்ஸ் மாடிப்படியை ஒரு பார்வை பார்த்தார். "முட்டிவலிக்காரங்க எப்படி ஏறுவாங்க? தரையோட இருக்கணும்." சொல்லிக்கொண்டே எங்கள் கடைக்குள் சுற்றிலும் பார்க்க ஆரம்பித்தார். அண்ணன் பதறிப்போய் அடுப்பறை வாசலை மறித்து நின்றான்.

கடைசியில் பக்கத்துக் கடிகாரக் கடை காலியாக இருந்தது, அதை எடுத்தார்கள். அண்ணி இப்போது அங்கேதான் வேலை பார்க்கிறாள். அதன் பின்சுவரும் எங்கள் அடுப்புச் சுவரும் ஒன்று. எந்நேரமும் வெதுவெதுப்பாக இருக்கும். குளிர்காலத்தில் மனு கொடுத்து முடித்தவர்கள்கூடக் கிளம்ப மாட்டேன் என்கிறார்கள். சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, "இன்னொரு பிரச்சினை இருக்கு, ஞாபகம் வரட்டும்" என்று நிற்கிறார்கள். நிற்கட்டும் என்று அண்ணி டைப் அடித்துக்கொண்டிருக்கிறாள்.